சூடுகண்ட பூனையும் பவ்லோவின் நாயும்

பச்சை மாங்காயை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ஒருவர் உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நம்முடைய வாயிலும் நீர் ஊறுகின்றது. பார்க்கவேண்டும் என்பதுகூட இல்லை. இவ்வரிகளை வாசிக்கும்போதே சிலருக்கு ஊறியிருக்கும். புளிப்பு நாவிற் பட்டதும் நீர் சுரப்பது உடலின் இயல்பு. நாவிற் படாத மாங்காய்க்கும், தாளில் அச்சிட்ட 'மாங்காய்' என்னும் சொல்லுக்கும் நீர் சுரப்பது எவ்வாறு? மாங்காயை ஒருபோதும் சுவைத்தறியாத அயல்நாட்டார் ஒருவருக்கு இச்சொல்லால் எவ்வித மாற்றமும் உண்டாவதில்லை. ஆகவே, இது பிறவியோடு வந்ததன்று, இடையிலே கற்றுக்கொண்டது. ஆயினும், இதனை நமக்கு எவரும் கற்பித்ததுமில்லை. நாம் கற்க முயன்றதுமில்லை.

இவ்வாறு நாம் அறியாமலே நம் உடல் கற்றுக்கொள்ளும் பாடங்களைப் பற்றி இக்கிழமை ஆராய எண்ணுகின்றோம். வாயில் ஊறும் நீரோடு இது முடிந்துவிடுமாயின் உடற்றொழிலியலாருக்கு விட்டுவிடலாம். ஆனால், நம் பிள்ளைகளின் அச்சங்களிலும் வெறுப்புக்களிலும் பல இதே வழியாகவே உள்ளத்திற் புகுகின்றன. கணக்குப் புத்தகத்தைக் கண்டதும் முகம் வாடும் மாணவனை அறியாத வீடு உண்டோ? ஆதலின், பெற்றோரும் மாணவரும் ஒருங்கே அறியவேண்டிய பொருள் இது.

இப்பொருளை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் இரசிய நாட்டு அறிஞர் இவான் பெற்றோவிச் பவ்லோவ் ஆவார். அவர் 1849ஆம் ஆண்டு இரியாசான் நகரிலே ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தார். தந்தையின் தொழிலைப் பின்பற்றச் சமயக் கல்லூரியிற் சேர்ந்தவர், இயற்கை விஞ்ஞானத்தில் உள்ளத்தைப் பறிகொடுத்து, 1870இல் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். உணவு செரிக்கும் முறையைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் இரசியர் அவரே. இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அப்பரிசு கிடைத்தது இரைப்பையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு; உலகம் இன்று அவரை நினைவுகூர்வதோ வேறொன்றுக்கு.

அந்த வேறொன்று அவருடைய ஆராய்ச்சிக்கு ஓர் இடையூறாகவே முதலில் வந்தது. நாயின் வாயில் உமிழ்நீர் எவ்வளவு சுரக்கின்றது என்பதை அளக்க அவர் ஒரு வழி கண்டிருந்தார். சிறிய சத்திர சிகிச்சையால் உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாயைக் கன்னத்தின் வெளிப்புறத்திலே திறக்கச் செய்தால், நீர் துளித்துளியாக வெளியே வடியும், துளிகளை எண்ணிவிடலாம். உணவு வாயிற் பட்டதும் நீர் வடிந்தது. இஃது எதிர்பார்த்ததே. ஆனால், சில நாள் பழகிய நாய்களுக்கு உணவு வாயிற் படுமுன்னரே நீர் வடியத் தொடங்கியது. உணவுத் தட்டைக் கண்டதும் வடிந்தது. உணவு கொண்டுவரும் மனிதனின் காலடி ஓசை கேட்டதும் வடிந்தது.

வேறொருவராயின் இதனை ஒரு தொல்லையென்று ஒதுக்கியிருப்பர். பவ்லோவ் அவ்வாறு செய்யாது இதனையே தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதிக்குரிய ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். 'நாய் ஆசைப்பட்டது', 'நாய் நினைத்தது' என்று பேசுவதை ஆய்வுகூடத்தில் அவர் தடைசெய்தார். நாயின் நினைவை எவர் கண்டார்? கண்ணுக்குத் தெரிவன வெளியிலிருந்து வரும் தூண்டலும், அதற்கு நாயின் உடல் காட்டும் துலங்கலுமே. இவ்விரண்டையும் அளந்தறிவதே விஞ்ஞானம் என்பது அவர் கொள்கை.

சோதனை மிக எளியது. தாளமானி என்றொரு கருவியுண்டு. இசை பயில்வோருக்குக் காலம் காட்ட ஒரே சீராய் ஒலிப்பது. அதன் ஒலிக்கு நாயின் வாயில் நீர் சுரப்பதில்லை. அவ்வொலியை எழுப்பிச் சிறிது பொழுதுள் உணவைக் கொடுத்தார்கள். இவ்வாறு பலமுறை செய்தபின், ஒலியை மாத்திரம் எழுப்பி உணவைக் கொடாது விட்டார்கள். நீர் வடிந்தது. பவ்லோவ் என்றதும் மணியோசையைச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால், அவருடைய ஆய்வுகூடத்திற் பெரிதும் பயன்பட்டவை தாளமானியும், மின்விளக்கும், தோலைத் தொடும் கருவிகளும், இவை போன்ற பிறவுமேயாம்.

மாணவர்களின் பொருட்டுச் சில பெயர்களை இங்கே குறித்துக்கொள்வோம். உணவு இயல்பான தூண்டல். அதற்கு நீர் சுரப்பது இயல்பான துலங்கல். தாளமானியின் ஒலி முன்னர் ஒன்றுக்கும் உதவாத பொதுத் தூண்டலாக இருந்து, உணவோடு கூடியதால் நிபந்தனைத் தூண்டலாகியது. அவ்வொலிக்கு மட்டும் நீர் சுரப்பது நிபந்தனைத் துலங்கல். பிறவித் தெறிவினை எந்நாளும் மாறாது நிற்பது. இந்தப் புதிய தெறிவினையோ 'ஒலியைத் தொடர்ந்து உணவு வரும்' என்னும் நிபந்தனையைச் சார்ந்து நிற்பது. நிபந்தனை என்னும் பெயரின் காரணம் இதுவே.

இதே காலத்தில் அமெரிக்காவிலே எட்வின் ட்விட்மையர் என்னும் இளம் ஆராய்ச்சியாளரும் இவ்வுண்மையைக் கண்டார். முழங்காலிலே தட்டினால் கால் தானே உதறுவதை நாமறிவோம். தட்டுமுன் மணியடித்துப் பழக்கியபோது, மணியோசைக்கே கால் உதறியதை அவர் 1902இல் தம் ஆராய்ச்சி நூலில் எழுதினார். 1904இல் அறிஞர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். கேட்டவர்கள் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. ஒருவர் கண்டதைப் பிறர் கேளாது விட்டால் உண்மைகூடச் சில காலம் உறங்கிக் கிடக்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

பவ்லோவ் இத்தோடு நிற்கவில்லை. ஒலியை மீண்டும் மீண்டும் எழுப்பி உணவைக் கொடாதே விட்டால் யாதாகும்? துளிகள் குறைந்துகொண்டே வந்து, ஈற்றில் ஒன்றும் வடியாமற்போகும். இதனைத் துலங்கல் அணைதல் என்போம். அணைந்தது அழிந்துவிட்டதா? இல்லை. நாயைச் சில மணி நேரம் ஓய்வாக விட்டுப் பின்னர் அதே ஒலியை எழுப்பினால் மறுபடியும் சில துளிகள் வடியும். சாம்பலின் கீழே தணல் கிடப்பதுபோல, பழைய பாடம் உள்ளே கிடக்கின்றது. இவ்வுண்மையைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

மற்றோர் உண்மை, ஓர் ஒலிக்குப் பழகிய நாய் அதனை ஒத்த பிற ஒலிகளுக்கும் நீர் சுரப்பதாகும். ஒப்புமை குறையக் குறையத் துளிகளும் குறையும். இது பொதுமையாக்கம். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று நம் முன்னோர் இதனைச் சொல்லி வைத்திருக்கின்றனர். இதற்கு மாறானது வேற்றுமை அறிதல். ஓர் ஒலிக்குப் பின் உணவும், மற்றோர் ஒலிக்குப் பின் ஒன்றுமின்மையும் தொடர்ந்து வருமாயின், நாய் முன்னதற்கு மாத்திரமே நீர் சுரக்கும்.

இந்த வேற்றுமை அறிதலைப் பற்றிய ஒரு சோதனை பெற்றோர் அனைவரும் சிந்திக்கத்தக்கது. ஒரு நாய்க்கு வட்டத்தைக் காட்டி உணவு கொடுத்தனர். நீள்வட்டத்தைக் காட்டினால் உணவில்லை. நாய் இரண்டையும் நன்றாகப் பிரித்தறிந்தது. பின்னர் நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டத்தை நெருங்கச் செய்தனர். அதன் நீளமும் அகலமும் 9க்கு 8 என்னும் அளவுக்கு வந்தபோது நாயாற் பிரித்தறிய முடியவில்லை. மூன்று கிழமை அளவில் முயன்றும் பயனில்லை. அதற்குமேல், அதுவரை அமைதியாக நின்ற நாய் ஊளையிட்டது, திமிறியது, தன்மேற் பூட்டியிருந்த கருவிகளைக் கடித்துக் குதறியது. முன்பு எளிதாகப் பிரித்தறிந்த வடிவங்களையும் அறியாமற் குழம்பியது. எவரும் அதனை அடிக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. நன்மையின் அடையாளம் எது, இன்மையின் அடையாளம் எது என்று அறியமுடியாமற் போனதே அதன் துன்பம்.

மனிதக் குழந்தைக்கு இவ்விதி பொருந்துமா என்று ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜோன் வாட்சன். அவரும் அவர் மாணவி ரொசலி ரேனரும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற் செய்த சோதனை 1920இல் வெளிவந்தது. அல்பேர்ட் என்று அவர்கள் குறிப்பிட்ட குழந்தை, ஒன்பது மாத அளவில் வெள்ளெலியைக் கண்டோ முயலைக் கண்டோ அஞ்சவில்லை. பதினொரு மாத அளவில், அது வெள்ளெலியைத் தொடக் கை நீட்டும்போது, தலைக்குப் பின்னால் இரும்புச் சட்டமொன்றைச் சம்மட்டியால் ஓங்கியடித்தனர். பேரொலிக்கு அஞ்சுவது குழந்தையின் இயல்பு. இவ்வாறு ஏழுமுறை செய்தபின், ஒலியே இல்லாமல் எலியைக் கண்டதும் குழந்தை அழுது விலகித் தவழத் தொடங்கியது. சில நாட்களின் பின் முயலைக் காட்டியபோதும் அழுதது. நாயும் கடல்நாய்த் தோலாடையும்கூட அதற்கு அச்சமூட்டின.

இச்சோதனையை நாம் பாராட்டுவதற்காக இங்கே எழுதவில்லை. ஊட்டிய அச்சத்தை நீக்குமுன்னரே அக்குழந்தை அவ்விடம் விட்டுக் கொண்டுசெல்லப்பட்டது. ஒரே ஒரு குழந்தையை வைத்துச் செய்ததால், விஞ்ஞான முறையிலும் இதற்குக் குறை சொல்வர். இன்று எந்தப் பல்கலைக்கழகத்து ஒழுக்கவியற் குழுவும் இத்தகைய சோதனைக்கு இணங்காது. ஆயினும், ஆய்வுகூடத்தில் இன்று தடைசெய்யப்பட்ட இதே செயல் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் நாள்தோறும் நடைபெறுகின்றதே! கணக்குப் புத்தகம் வெள்ளெலி. முதுகில் விழும் அடி இரும்புச் சட்டத்தின் ஒலி. புத்தகம் திறக்குந்தோறும் அடி விழுமாயின், பிள்ளையின் உடல் கற்றுக்கொள்வது பெருக்கல் வாய்பாட்டை அன்று. புத்தகத்தைக் கண்டால் நடுங்குவதையே கற்றுக்கொள்கின்றது. கணக்குக்கு அஞ்சிய பிள்ளை பின்னர் பாடசாலைக்கே அஞ்சுவதும் பொதுமையாக்கந்தான்.

'அடியாத மாடு படியாது' என்று சிலர் மறுமொழி கூறுவர். அடித்த பின் பிள்ளை புத்தகத்தோடு அமர்ந்திருப்பதைக் காட்டி, அடி பயன் தந்ததென்றும் வாதிப்பர். இங்கே இருவகைக் கற்றலைப் பிரித்தறிய வேண்டும். செய்த செயலுக்குப் பின் வரும் பரிசாலும் தண்டனையாலும் அச்செயல் கூடுவதோ குறைவதோ ஒரு வகை. அமெரிக்க அறிஞர் ஸ்கின்னர் விரிவாக ஆராய்ந்தது அதனையே. பவ்லோவ் கண்டது மற்றொரு வகை: பிள்ளை ஏதும் செய்தாலும் செய்யாவிடினும், ஒன்றோடொன்று கூடி வருவனவற்றை அதன் உடல் சேர்த்துக்கொள்கின்றது. ஒரே அடி இவ்விரு வேலையையும் ஒருங்கே செய்யும். பிள்ளை அமர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகின்றது. உள்ளே வளரும் வெறுப்புத் தெரிவதில்லை. அடிப்பவர் அப்பாற் சென்றதும் புத்தகம் மூடப்படுவதைக் கண்டால் எது ஆழமாகப் பதிந்தது என்பது விளங்கும்.

பிற்காலத்தார் பவ்லோவின் விதியை மேலும் திருத்தமாக்கினர். ரொபேர்ட் ரெஸ்கோர்லா என்னும் அறிஞர் 1968இல் எலிகளிடம் ஒன்றைக் காட்டினார். ஒலி எழும்போது மின்னதிர்ச்சி வருவதுபோலவே ஒலி எழாத போதும் அதே அளவில் வருமாயின், எலிகள் ஒலிக்கு அஞ்சுவதில்லை. இரண்டும் கூடி வருவது மாத்திரம் போதாது. ஒன்று மற்றொன்றை முன்னறிவிக்கவேண்டும். அவ்வாறாயின் முன்னறிவிப்பின்றி வரும் துன்பத்துக்கு எலி அஞ்சாதா? அஞ்சும், ஒலியை விட்டு அந்தக் கூண்டு முழுவதற்கும் அஞ்சும். அடையாளம் இருந்தால், அது இல்லாத வேளையிலாவது ஆறுதலாக இருக்கலாம். அடையாளமே இல்லையெனின் ஆறுதலான வேளை என்று ஒன்றில்லை. எப்பொழுது சினம் வரும் என்று அறியமுடியாத தந்தையின் வீடும், அத்தகைய ஆசிரியரின் வகுப்பும் இக்கூண்டை ஒத்தன. கண்டிப்பான ஆசிரியரிடம் அன்பு வைக்கும் மாணவர்கள் நிலையற்ற சினமுடையவரிடம் ஒதுங்கி நிற்பதன் காரணமும் இதுவாகலாம்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். நாவின் சுவையும் வயிற்றின் நோயும் மிக எளிதிற் சேர்ந்துகொள்கின்றன. உண்டு சில மணி நேரம் கழித்து வாந்தி வந்தாலும், உண்ட அந்தச் சுவைமேல் வெறுப்பு உண்டாகின்றது. ஜோன் கார்சியாவும் அவருடன் ஆராய்ந்த கோயெல்லிங்கும் 1966இல், நோயுற்ற எலிகள் நீரின் சுவையை வெறுப்பதையும், மின்னதிர்ச்சி பெற்ற எலிகள் நீரோடு வந்த ஒளியையும் ஒலியையும் வெறுப்பதையும் காட்டினர். எதுவும் எதனோடும் சேரும் என்பதில்லை. இயற்கை சில சேர்க்கைகளுக்கு முன்னரே வழி வகுத்திருக்கின்றது. புற்றுநோய்க்கு மருந்தேற்றுமுன் புதுச் சுவையுள்ள ஐஸ்கிறீம் உண்ட குழந்தைகள் பின்னர் அதனை விரும்பாமற்போனதை ஐலீன் பேர்ன்ஸ்டைன் 1978இல் எடுத்துக்காட்டினார். மருந்தே தங்கள் குமட்டலுக்குக் காரணமென்று அறிந்த பிள்ளைகளுக்கும் இவ்வெறுப்பு உண்டாகலாம். அறிவு வேறு, உடல் கற்ற பாடம் வேறு. வயிறு புரட்டும் மருந்தைப் பிள்ளைக்குப் பிடித்தமான உணவிற் கலந்து கொடுக்குமுன் தாய்மார் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

இவ்வாறு பதிந்த அச்சத்தை மாற்றமுடியுமா? 'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று கைவிடவேண்டியதில்லை. மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி 1924இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகின்றது. பீற்றர் என்னும் சிறுவனுக்கு வயது இரண்டு ஆண்டும் பத்து மாதமும். முயலைக் கண்டால் அவனுக்குப் பேரச்சம். அச்சமில்லாத பிற குழந்தைகள் முயலோடு விளையாடுவதை அவன் காணும்படி செய்தார். பின்னர் அவன் விரும்பிய உணவை உண்ணும் வேளையிலே, கூண்டிலிட்ட முயலைத் தொலைவிலே வைத்து, அவன் உண்பது தடைப்படாத அளவுக்கு மாத்திரம் நாள்தோறும் சிறிது நெருக்கமாகக் கொண்டுவந்தார். இடையிலே பெரிய நாயொன்றைக் கண்டு வெருண்டதால் பழைய அச்சம் மீண்டது, மறுபடியும் தொடங்கினார். ஈற்றிலே முயல் தன் விரலைக் கொறிப்பதையும் பீற்றர் அஞ்சாது பொறுத்துக்கொண்டான். மயிர்த்தோல், இறகு முதலியவற்றின் மேலிருந்த அச்சமும் உடன் குறைந்தது. அவசரப்பட்டு முயலை மிக நெருங்கக் கொண்டுவந்தால், உணவின் இன்பம் முயலைச் சேர்வதற்குப் பதிலாக முயலின் அச்சம் உணவைச் சேர்ந்துவிடும் என்றும் அவர் எச்சரித்தார். ஜோசப் வோல்ப் என்னும் தென்னாபிரிக்க மருத்துவர் 1958இல் வெளியிட்ட நூலில் விளக்கிய அச்சநீக்கச் சிகிச்சை இவ்வழியிலேயே அமைந்தது. அளவு கடந்த அச்சமுடையோருக்கு மருத்துவர்கள் இன்றும் இதன் வழிவந்த முறைகளைக் கையாளுகின்றனர்.

கணக்குக்கு அஞ்சும் பிள்ளைக்கும் இதுவே வழி. அவன் திண்ணமாகச் செய்யக்கூடிய ஓர் எளிய கணக்கில் தொடங்குக. அது முகம் மலர்ந்திருக்கும் வேளையாக இருக்கட்டும். சிறிது நேரத்தில் முடித்து, அச்சம் தலைகாட்டுமுன் புத்தகத்தை மூடுக. அடுத்த நாள் ஓரடி முன்னே செல்க. அன்றியும், நேற்று அணைந்த அச்சம் இன்று காலையில் மீண்டும் தோன்றினால் முயற்சி வீண்போயிற்று என்று சினம் கொள்ளவேண்டாம். சாம்பலின் கீழே தணல் கிடக்கும் என்று முன்னர் கூறினோமல்லவா?

இத்தணல் எவ்வளவு காலம் கிடக்கும் என்பதற்குப் பவ்லோவின் நாய்களே சான்று. 1924 செப்டெம்பரில் லெனின்கிராட் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. கூண்டுகளுள் நீர் ஏற, நாய்கள் தலையை மாத்திரம் மேலே வைத்துத் தத்தளித்தன. பணியாளர் அவற்றைக் காப்பாற்றினர். ஆனால், சில நாய்கள் அதற்குமுன் கற்ற பாடங்களை இழந்திருந்தன. பல நாள் உழைத்து மீண்டும் பழக்கியபின், சோதனை அறையின் கதவின் கீழாகச் சிறிது நீரை ஓடவிட்டார்கள். அந்தச் சிறு நீரைக் கண்டதும் ஒரு நாய் கலங்கியது; கற்றது மறுபடியும் சிதறியது.

சூடுகண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பது பழமொழி. அடுப்பு அணைந்து பல நாளாயினும் அது நாடுவதில்லை. பூனையை நொந்து பயன் என்ன? நம் பிள்ளை புத்தகத்தை நாடாதிருந்தால், அவனுடைய மூளையை ஐயுறுமுன், அப்புத்தகத்தின் பக்கத்தில் எப்பொழுதும் எது இருந்தது என்று பார்ப்பது முறை. கைப்பிரம்பும் கடுஞ்சொல்லும் இருந்தனவாயின் அவற்றை முதலில் அப்பால் எடுத்து வைப்போம். பிறகு, பீற்றரின் முயலைப்போல, அவசரமின்றிப் புத்தகத்தை அணுகச் செய்வோம்.

பரிசும் தண்டனையும் பற்றி இங்கே ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டோம். அவற்றின் பயனும் பயனின்மையும் யாவை என்பதை வருங்கிழமை ஸ்கின்னரின் புறாக்களைக் கொண்டு ஆராய்வோம்.